ராகு காலத்து வைஃபை

சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவனுக்கு வாய் தேவையில்லை. பேர், தகப்பனார் பேர், கதவு எண், ஆதார் நகல். இவ்வளவையும் கொடுத்துவிட்டால் அப்புறம் கூப்பிடுகிறவரைக்கும் பெஞ்சில் கிடக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை நான் அப்படித்தான் கிடந்தேன். தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் வரிசையாக இருக்கும் பத்திர எழுத்தர் கடைகளில் ஒன்று. முகூர்த்த நாள் என்பதால் பதிவுத் துறை கூடுதலாக டோக்கன் கொடுத்திருந்தது. தெரு முழுக்க வெள்ளை வேட்டியும் பட்டுச்சேலையும். டீக்கடையில் பத்து மணிக்கே வடை தீர்ந்துவிட்டது.

எங்கள் காரியம் சின்னதுதான். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, தான் குடியிருக்கும் வீட்டை மகள் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கிறார். தானப் பத்திரம் என்றால் இரண்டு சாட்சியாவது வேண்டும் என்கிறது 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். ஒரு சாட்சி, அடுத்த வீட்டுக்காரனான நான். இன்னொருவர் ஆச்சியுடைய மருமகனின் கூட்டாளி. வந்து உட்கார்ந்ததிலிருந்து செல்போனைவிட்டுத் தலை நிமிரவில்லை. டோக்கன் 12.15க்கு. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. அது கழியட்டும் என்று ஆச்சியின் மகள் காலண்டரைப் பார்த்துக் குறித்த நேரம் அது.

எழுத்தரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. அறுபதைத் தொட்ட வயது. சட்டைப் பையில் நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனா; அவற்றில் எதையும் திறந்து அவர் எழுதி நான் பார்க்கவில்லை. எல்லாம் தட்டச்சு. கணக்குப்பிள்ளை காலத்துச் சாய்வு மேசை ஒன்று வைத்திருக்கிறார். அதன் சரிவில் லேப்டாப் வழுக்கி மடியில் விழாமல் இருக்க முன்னால் ஒரு ரீப்பர் கட்டை அடித்திருக்கிறது. இன்னும் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில்தான் அடிக்கிறார். விசைகளில் எழுத்து தேய்ந்துபோய் அங்கங்கே வெறும் கறுப்புதான் மிச்சம். அவர் விசையைப் பார்ப்பதில்லை, எனவே பாதகமில்லை.

பத்து மணி சுமாருக்கு அவர் திரையின் வலது கீழ்க்கோடியில் மூக்கை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இங்கன இருந்த வைஃபை சிம்பல எங்க?"

தட்டச்சுப் பெண் எட்டிப் பார்த்தாள். "காங்கலையே சார்."

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரை நன்றாகவே தெரிந்தது. பேட்டரி இருந்தது. ஒலிபெருக்கி இருந்தது. 'தமிழ்' என்று மொழியைக் காட்டும் குறி இருந்தது. நேரம், தேதி இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய புள்ளியும் வளைவுகளும் மட்டும் இல்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்தியிருக்கும். கம்ப்யூட்டர் அப்படி விடுவதில்லை. ஒன்று போனால் பக்கத்தில் இருப்பவை நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன. தினமும் பார்க்கிறவருக்குத்தான் என்னவோ குறைகிறது என்று படும்.

2018 பிப்ரவரியில் பதிவுத் துறை ஸ்டார் 2.0 என்ற மென்பொருளுக்கு மாறியதிலிருந்து இந்தத் தெருவுக்கு நெட் இல்லாமல் பொழுது விடியாது. ஆச்சியின் பத்திர விவரத்தை முந்தைய நாள் மத்தியானமே ஏற்றி, கட்டணத்தையும் கட்டிவிட்டார்கள். அதற்குரிய தாள்களைத் தளத்திலிருந்து இறக்கி அச்செடுப்பதுதான் பாக்கி. அதற்கு நெட் வேண்டும். நெட், பக்கத்து ஜெராக்ஸ் கடையுடையது. மாதக் கட்டணத்தில் பாதியை அண்ணாச்சி கொடுக்கிறார், சுவரைத் தாண்டி அலை வருகிறது. பெண் ஓடிப்போய் ஜெராக்ஸ் கடை ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டு வந்தாள். அங்கே எல்லார் போனிலும் வருகிறதாம்.

"அப்படின்னா அங்கனயே அச்சு எடுத்துரலாமே அண்ணாச்சி" என்றார் ஆச்சியின் மருமகன்.

அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "என் பாஸ்வேர்ட அந்தக் கடையில போயி அடிக்கச் சொல்லுதீங்களா?"

மருமகன் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார். அண்ணாச்சி போனை எடுத்து, "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போ. அவசரம்" என்றார்.

சிஸ்டம் சர்வீஸ் தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, ஒரு காதில் மட்டும் இயர்போன், முதுகில் பை. வந்தவன் லேப்டாப் பக்கமே போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:

"நெட்டு வரலையா, சிம்பல் மட்டும் காங்கலையா அண்ணாச்சி?"

"ரெண்டும் ஒண்ணுதானப்பா."

"எப்படி ஒண்ணாகும்? மூலப் பத்திரம் தொலஞ்சு போச்சுன்னு ஒருத்தர் உங்ககிட்ட வாராரு. நிலமே போச்சுன்னா சொல்லி அனுப்புதீங்க?"

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம், அவர் தொழிலின் பாதி அந்தக் கேள்விக்குள் இருந்ததுதான். போலீஸில் புகார் கொடுக்கச் சொல்வார், பத்திரிகையில் விளம்பரம் போடச் சொல்வார், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துக் கொடுப்பார். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் 'நிலம் அங்கதான் இருக்கு, தாளுதான் காணும்' என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். இப்போது அதே வைத்தியத்தை அவருக்கே ஒருத்தன் எழுதிக் கொடுக்கிறான்.

தம்பி பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தான். ஒரு நுனி அவன் போனில், மறு நுனி லேப்டாப்பின் யுஎஸ்பி ஓட்டையில். போனில் எதையோ தள்ளினான். "யுஎஸ்பி டெதரிங் போட்டுருக்கேன். இப்பப் பாருங்க."

அண்ணாச்சி பார்த்தார். பதிவுத் துறையின் பக்கம் திறந்துகொண்டது. கீழே மூலையில் ஒரு அடையாளமும் இல்லை. பேட்டரியும் ஒலிபெருக்கியும் அப்படியே ஒட்டி உட்கார்ந்திருந்தன. நெட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சிம்பலே இல்லாம எப்படிப்பா வருது?"

"அதத்தான் மொதல்லயே கேட்டேன்."

போன் இப்படி ஒயரில் சேர்ந்தால் லேப்டாப் அதை வைஃபையாக எடுத்துக்கொள்வதில்லை; லேன் ஒயர் செருகியதாக நினைத்துக்கொள்கிறது. வைஃபைக்குரிய டிரைவர் தொலைந்துபோய், அதை இறக்க நெட் இல்லாமல், நெட்டுக்கு டிரைவர் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒயர் கைகொடுக்கும். பல வீடுகளில் போன் சார்ஜர் பக்கத்திலேயே கிடக்கிறது, தெரிவதில்லை.

அச்சு இயந்திரம் கரகரத்தது. தாள்கள் வந்தன. பெண் அடுக்கினாள், ஆச்சி மகள் சரிபார்த்தாள், மருமகன் பெருமூச்சு விட்டார். மணி இன்னும் 10.45 ஆகவில்லை. வந்த வேலை முடிந்தது.

அண்ணாச்சிக்கு முடியவில்லை. தாள் கையில் இருக்கிறது, நெட் ஓடுகிறது, ஆனாலும் கண் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. "அது திரும்ப வரணும்லா" என்றார். மூன்றாம் தரமும் சொன்னார். இதைப் பிடிவாதம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நாள் முழுக்க ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அந்த மூலையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். என்ன இல்லை என்று தெரிந்துவிடும்.

தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் விரல்களில் வேகம் இல்லை. ஒவ்வொன்றையும் அமுக்கிவிட்டு ஒரு நொடி பார்த்தான். முதலில் மேல் நோக்கிய சின்ன அம்பை அமுக்கினான். இடம் போதாத அடையாளங்கள் ஒளிந்துகிடக்கிற பெட்டி அது. வைரஸ் காப்பான் இருந்தது, பென் டிரைவ் குறி இருந்தது, பிரிண்டர் இருந்தது. தேடியது இல்லை. இருந்திருந்தால் பிடித்து இழுத்து வெளியே போட்டிருக்கலாம், அதோடு கதை முடிந்திருக்கும். அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' வரியில் ரீஸ்டார்ட் கொடுத்தான். கீழ்ப்பட்டை ஒரு கணம் காணாமல் போய்த் திரும்ப வந்தது. ஆச்சி, "ஐயோ எல்லாம் போயிட்டு" என்றார். எல்லாம் வந்துவிட்டது, அது ஒன்றைத் தவிர.

"சில சமயம் இதுலயே வந்துரும்" என்றான் தம்பி, யாரிடம் என்று இல்லாமல்.

பிறகு பட்டையின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அமுக்கி, டாஸ்க்பார் செட்டிங்ஸ் போனான். கீழே வரை உருட்டினான். 'டர்ன் சிஸ்டம் ஐகான்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று ஒரு வரி. உள்ளே வரிசையாகச் சுவிட்சுகள். கடிகாரம் ஆன். ஒலி ஆன். பவர் ஆன். நெட்வொர்க், ஆஃப்.

"யாரோ ஆஃப் பண்ணிருக்காங்க அண்ணாச்சி."

அந்த நேரம் தட்டச்சுப் பெண் ஸ்டேப்ளரை எடுத்தாள். அவள் முன்னால் பின் அடிக்க வேண்டிய தாள் எதுவும் இல்லை. ஏற்கெனவே அடித்த கட்டின் மேலேயே இன்னொரு தரம் அடித்தாள். அதைப் பார்த்தது நான் மட்டும்தான். அதற்குச் சாட்சி யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

இந்தச் சுவிட்சுக்கு ஒரு வம்ச வரலாறு உண்டு. திரையின் அடியில் பட்டையும் அதன் ஓரத்தில் இந்த அடையாள மூலையும் வந்தது 1995இல், விண்டோஸ் 95ஓடு. அப்போது வைஃபை கிடையாது, 802.11 என்ற கம்பியில்லா இணைப்பின் முதல் தரநிலையே 1997இல்தான் வந்தது. எக்ஸ்பி காலத்தில் அந்த அடையாளம் இரண்டு குட்டித் திரைகளாக இருந்தது. காணாமல் போனால், இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் ஜன்னலைத் திறந்து 'இணைந்திருக்கும்போது அறிவிப்புப் பகுதியில் காட்டு' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடிக்க வேண்டும். விண்டோஸ் 7இல் கண்ட்ரோல் பேனலுக்குள் போக வேண்டும். 10இல் இப்படி ஒரு சுவிட்ச். பெரிய ஆபீஸ்களில் நிர்வாகிகளே குரூப் பாலிசி வழியாக அடையாளத்தை எடுத்துவிடுவது உண்டு; அங்கே இந்தச் சுவிட்ச் மங்கிப்போய் அமுக்க முடியாமல் நிற்கும். 11இல் நெட்வொர்க், ஒலி, பேட்டரி மூன்றையும் ஒன்றாகக் கட்டி, எடுக்கவே முடியாதபடி வைத்துவிட்டார்கள். எத்தனை பேர் எத்தனை கடைகளுக்கு இந்தப் புகாரோடு நடந்தபிறகு அந்த முடிவுக்கு வந்தார்களோ.

தம்பி சுவிட்சைத் தள்ளினான். மூலையில் ஒன்று முளைத்தது.

"வந்துட்டு!" என்றார் மருமகன்.

"இது இல்ல" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னது சரி. வந்தது புள்ளியும் வளைவுகளும் இல்லை. ஒயரோடு கூடிய ஒரு குட்டித் திரை. போன் ஒயரில் இருக்கிறதல்லவா, அதைக் காட்டுகிறது. தம்பி ஒயரை உருவினான். குட்டித் திரை போய் ஓர் உருண்டை வந்தது, பூகோள உருண்டை, ஓரத்தில் தடைக் குறியோடு. இணைப்பு ஏதும் இல்லை என்று அர்த்தம்.

தம்பி முதல் தடவையாக இயர்போனைக் காதிலிருந்து எடுத்தான். "அப்படியா சங்கதி."

இதுவரை தாள் காணாமல் போன கேஸ். இப்போது நிலத்தையே அளந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. விமானக் குறி போட்ட விசையை எஃப்என்னோடு சேர்த்து அமுக்கிப் பார்த்தான். ஏரோபிளேன் மோட் இல்லை. ஸ்டார்ட்டின் மேல் வலது பொத்தானை அமுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்தான். லேப்டாப்புக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று விண்டோஸ் வைத்திருக்கிற கணக்கு அது. 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தான். லேன் இருந்தது. வேன் மினிபோர்ட் என்று ஏழெட்டு வரிகள் இருந்தன, அவை எப்போதும் இருக்கும், யாருக்கும் எதற்கென்று தெரியாது. வயர்லெஸ் என்று ஒரு வரி இல்லை.

"புளூடூத்தும் இல்ல, பாத்தீங்களா? ரெண்டும் ஒரே கார்டு. கார்டையே காணும்."

"கார்டு எங்க போகும், உள்ளதான கெடக்கும்?" அண்ணாச்சியின் குரல் தாழ்ந்துவிட்டது.

தம்பி 'வியூ'வுக்குப் போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தான். இப்போது ஒரு வரி வந்தது, மற்ற வரிகளைப்போலக் கறுப்பாக இல்லாமல் வெளிறிப்போய். இப்படி ஒன்று இங்கே இருந்தது, இப்போது பதில் சொல்ல மாட்டேன் என்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆஃப் செய்து வைத்திருந்தால் கீழ்நோக்கி ஓர் அம்பு இருக்கும், டிரைவர் கோளாறு என்றால் மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருக்கும். வெளிறிக் கிடந்தால் அது வேறு. மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்' கொடுத்தான். பட்டியல் ஒரு முறை சிலிர்த்துவிட்டு அப்படியே இருந்தது.

"ஃபார்மேட் அடிச்சிருவியோ?" அண்ணாச்சி கேட்ட விதத்தில் உண்மையான பயம் இருந்தது. டி டிரைவில் அவருடைய மாதிரிப் பத்திரங்கள் இருக்கின்றன: கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில். பேரையும் நான்கு எல்லையையும் மாற்றினால் போதும், மிச்சம் எல்லாம் அங்கே இருக்கிறது.

"இதுக்குப் போயி ஃபார்மேட் அடிப்பாங்களா?" என்றான் தம்பி. அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டாலும் இந்த வரி கறுப்பாகியிருக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"கடைசியா என்னைக்கு முழுசா அணைச்சீங்க?"

அண்ணாச்சி பெண்ணைப் பார்த்தார். பெண் லேப்டாப்பைப் பார்த்தாள். அந்தக் கடையில் அணைப்பது என்றால் மூடியைச் சாத்துவது. சித்திரையிலிருந்து சாத்தித் திறந்து சாத்தித் திறந்துதான் ஓடியிருக்கிறது. அப்படியே ஷட் டவுன் கொடுத்திருந்தாலும், விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது; சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, உள் நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் மென்பொருள் முழுக்கப் புதிதாக ஏறும். அப்போதும் அந்தக் கார்டுக்குப் போகிற மின்சாரம் அறுபடுவது நிச்சயம் இல்லை. எங்கோ தடுமாறி நின்ற கார்டு, நின்ற இடத்திலேயே நிற்கும்.

இவ்வளவையும் தம்பி இப்படிச் சொல்லவில்லை. "தூங்கியே கெடக்கு. முழுசா அணையல" என்றான்.

"பாவம்" என்றார் ஆச்சி.

"பேட்டரியக் கழட்டணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டியிருந்தது. "கழட்டுறத பன்னெண்டுக்கு மேல வச்சுக்கிடலாமா?"

கடையில் ஒரு விநாடி எல்லாரும் சும்மா இருந்தோம். தம்பிக்கு இன்னொரு இடத்தில் வேலை இருக்கிறது என்பது அவன் வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்த விதத்தில் தெரிந்தது. ராகு காலத்தில் பத்திரம் பதியக்கூடாது என்று நினைக்கிறவர்களை நம்பித்தான் அண்ணாச்சி பிழைக்கிறார். அவர் கடையிலேயே அதை மீறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும்.

தீர்ப்பு ஆச்சியிடமிருந்து வந்தது. "புதுசா ஒண்ணு ஆரம்பிக்கத்தான்யா நேரம் பாக்கணும். கெட்டுப்போனதச் சரி பண்ணதுக்கு ராகு என்ன, எமகண்டம் என்ன. கழட்டச் சொல்லு."

வீட்டையே எழுதிக் கொடுக்க வந்திருக்கிறவர் சொன்னால் அப்பீல் ஏது?

தம்பி திறந்திருந்ததையெல்லாம் மூடச் சொன்னான். ஷட் டவுன் கொடுத்தான். சார்ஜரை உருவினான். லேப்டாப்பை ஒரு துண்டின்மேல் கவிழ்த்தான். அடிப்பக்கம் ஆண்டுக்கணக்கான தூசி. காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு சிற்றெறும்பு வெளியே வந்து, வெளிச்சம் பிடிக்காமல் திரும்ப உள்ளே போனது. இரண்டு தாழ்களைத் தள்ளியதும் பேட்டரி ஒரு நீளக் கட்டையாகக் கழன்று வந்தது. அதை ஓரமாக வைத்தான். பிறகு, மின்சாரத்தின் பொட்டுகூட இல்லாத அந்த இயந்திரத்தின் பவர் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தான்.

"என்னய்யா செய்யுத?" என்றார் ஆச்சி.

"உள்ள மிச்சம் மீதி இருக்குற கரண்டு வடியணும் ஆச்சி. 30 செகண்டு."

"செத்துப் பொழைக்க வைக்க, அப்படித்தான?"

"ஆமா ஆச்சி. இதுவரைக்கும் தூங்கிட்டுத்தான் இருந்துச்சு, சாகல."

சும்மா அமுக்கிக்கொண்டிருக்கிற கட்டைவிரலை ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்போன்காரரும் தலையைத் தூக்கிவிட்டார். இதிலும் வராவிட்டால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். வராவிட்டால் அடி மூடியைத் திறக்க வேண்டும் என்றான். உள்ளே 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமுமாக ஒரு பச்சைத் தகடு ஒற்றைத் திருகாணியில் நிற்கும். அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர் கிளம்பி, கீல் வழியாகத் திரைக்குள் ஏறி, கண்ணாடியின் ஓரத்தில் போய் முடியும். ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. கழற்றி, தொடுமுனையைத் துடைத்து, திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிப் போடலாம், கார்டை மாற்றுவதைவிட லேசு. சொல்லி முடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது.

பேட்டரியை மாட்டினான். சார்ஜரைச் செருகினான். பொத்தானை அமுக்கினான்.

லேப்டாப் எழுந்திருக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அண்ணாச்சி பாஸ்வேர்டை அடிக்கும்போது எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தோம். கீழ்ப்பட்டை வந்தது. அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. முதலில் உருண்டைதான் வந்தது, தடைக் குறியோடு. பெண் உதட்டைக் கடித்தாள். அப்புறம் உருண்டை மறைந்து, அந்த இடத்தில் புள்ளியும் வளைவுகளும் முளைத்தன. ஒரு வளைவு மட்டும் மங்கலாகவே நின்றது. நடுவில் இருப்பது ஒன்றரைக் கல் சுவர், அவ்வளவுதான் வரும்.

தம்பி அதைச் சொடுக்கினான். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற வைஃபைகளின் பெயர்ப் பட்டியல் விரிந்தது. ஜெராக்ஸ் கடை இருந்தது, ஓட்டல் இருந்தது, யாருடைய போனோ 'டோன்ட் டச்' என்ற பேரில் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு நேரே 'கனெக்டட்' என்று தானாகவே வந்துவிட்டது. பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரை மறுபடி திறந்து காட்டினான். வெளிறிக் கிடந்த வரி கறுப்பாகியிருந்தது.

"நேத்து சாயங்காலமே கார்டு போயிருக்கும். போனதும் இந்த உருண்டை வந்திருக்கும். அதச் சரி பண்ணலாம்னு யாரோ செட்டிங்ஸ்ல என்னமோ தட்டிருக்காங்க. ரெண்டும் சேந்து போச்சு" என்றான். 'யாரோ' என்கிறபோது ஸ்டேப்ளர் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவனும் பார்த்திருந்தான் போலிருக்கிறது. பெண் அதற்குள் ஒரு பழைய முத்திரைத் தாள் உறையின் பின்பக்கத்தில், டாஸ்க்பார் செட்டிங்ஸ், சிஸ்டம் ஐகான்ஸ், டிவைஸ் மேனேஜர், பேட்டரி 30 செகண்டு என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுப்பா?" என்றார் அண்ணாச்சி.

"முந்நூறு குடுங்க."

"பேட்டரியக் கழட்டி மாட்டுனதுக்கா?"

கழற்றும்போது ராகு காலம் பார்த்த மனிதர் அவர். மாட்டியபிறகு அது வெறும் கழற்றி மாட்டுகிற வேலையாகிவிட்டது. தம்பிக்கு இது புதிது இல்லை. இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"சரி, ரூவா வேண்டாம். எங்க அப்பா வாங்குன மனைக்கு ஒரு வில்லங்கம் பாத்துக் குடுங்க. பேங்குல கேக்கான்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பார்க்க எங்கே போக வேண்டும், எந்தக் கிராமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உட்பிரிவை எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அது தெரிந்ததற்குத்தான் அண்ணாச்சி கூலி வாங்குகிறார். அது தம்பிக்கும் தெரிந்திருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தன வருசத்துக்கு?"

"முப்பது வருசத்துக்குக் கேக்கான்."

அண்ணாச்சி மூலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தார். மாவட்டம், சார்பதிவகம், கிராமம் மூன்றையும் கேட்காமலே போட்டார். அடுத்த கட்டத்தில் விரல் நின்றது.

"சர்வே நம்பர் சொல்லு."

தம்பி தலையைச் சொறிந்தான். மனை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கு என்றான், ஒரு வேப்பமரம் நிக்கும் என்றான். அண்ணாச்சி கட்டத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை. அவன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். "ஏ, அந்த டிரங்குப் பெட்டியத் தெற. மேலாக்க ஒரு மஞ்சப் பை இருக்கும் பாரு."

எதிர்ச்சாரியில் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.